கலயத்தில் தடவிய சுண்ணாம்பு

(லெந்து காலத்தில் நெல்லைப் பக்கத்துக் கிராமச் சபை ஒன்றின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சுவரோடு சாய்ந்து நிற்கிற தம்பிகளே, முன்னால் பாயில் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

என் அப்பா பனையேறி. உங்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆனால் இந்தத் தம்பிமாரில் பலர் பனையேறுகிறதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். பருவம் வந்துவிட்டால் பனம்பாளையைக் காலையும் மாலையும் சீவ வேண்டும். மெல்லிசாக, காகிதக் கனத்துக்குச் சீவுவார்கள். சீவினால்தான் வாய் திறந்து சாறு சொட்டும். சில நாள் சீவாமல் விட்டால் வாய் காய்ந்து மூடிக்கொள்ளும், பிறகு கலயத்தைக் கட்டி வைத்துப் பிரயோஜனம் இல்லை. அப்பா முப்பது மரம் ஏறினார். காலையும் மாலையும் என்றால் நாளைக்கு அறுபது தடவை ஏறி இறங்கியிருக்கிறார். அவர் நெஞ்சிலும் உள்ளங்காலிலும் இருந்த காய்ப்பு அவரைப் பெட்டியில் வைத்த அன்றைக்கும் இருந்தது.

சாறு கொடுத்தது மரம். அப்பா ஒரு சொட்டுச் சாற்றையும் உண்டாக்கவில்லை. அவர் செய்ததெல்லாம் ஏறினது, சீவினது, கலயம் கட்டினது. கட்டுவதற்கு முன்னால் இன்னொன்றும் செய்வார். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார். தடவினால் இறங்குவது பதநீர். அம்மா அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவாள், அதில்தான் நாங்கள் நாலு பிள்ளைகளும் படித்தோம். தடவாமல் விட்டால் அதே மரம், அதே பாளை, அதே சாறு, கள்ளாகப் புளித்து இறங்கும். கள்ளாக்க யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும்.

ஒரு கிறிஸ்தவன் எப்படி வளருகிறான், எப்படிப் புளித்துப் போகிறான் என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தக் கலயம்தான் என் கண்முன் வருகிறது.

நம் கர்த்தர் தம்மைப் பின்பற்ற விரும்புகிறவனுக்குச் சொன்ன நிபந்தனை மூன்று சுவிசேஷங்களில் இருக்கிறது. மத்தேயு 16ஆம் அதிகாரம், மாற்கு 8ஆம் அதிகாரம், லூக்கா 9ஆம் அதிகாரம். மூன்றிலும் ஒரே செய்திதான்: தன்னை வெறுக்க வேண்டும், சிலுவையை எடுக்க வேண்டும், பின்னால் வர வேண்டும். வீட்டுக்குப் போய் மூன்றையும் அடுத்தடுத்து வைத்து வாசித்துப் பாருங்கள். லூக்காவில் மட்டும் ஒரு சொல் கூடுதலாக இருக்கும். ‘அனுதினமும்’ என்கிற சொல். பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு சொல் கூடினால் பொருள் எங்கே மாறும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன். அப்படியிருந்தும் ஐம்பது வயது வரைக்கும் இந்தச் சொல்லை நான் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

அந்தக் காலத்து ரோம ராஜ்யத்தில் சிலுவையைத் தோளில் எடுத்தவன் வீட்டுக்குத் திரும்பி வரமாட்டான். அது ஒரு தரம் போகிற பாதை. கேட்டுக்கொண்டிருந்த சீஷருக்கு அது நன்றாகத் தெரியும். ஒரே தரம் எடுக்கிற சிலுவையைத் தினமும் எப்படி எடுப்பது? அங்கேதான் அந்தச் சொல் நம்மைப் பிடிக்கிறது. கிறிஸ்துவுக்காக உயிரைக் கொடுக்கத் தயாரா என்று கேட்டால் இந்தக் கூட்டத்தில் கை தூக்காதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். உயிரை ஒட்டுமொத்தமாக அவர் நம்மில் பெரும்பாலோரிடம் கேட்கப்போவதில்லை. சில்லறையாகக் கேட்கிறார். காலையில் பத்து நிமிஷம், ரேஷன் கடை வரிசையில் ஒரு பொறுமை, கோபம் வந்த இடத்தில் ஒரு மௌனம், கணக்கெழுதுகிற இடத்தில் ஓர் உண்மை. சில்லறையாகக் கொடுப்பதுதான் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எனக்குப் பதினேழு வயதில் ஒரு கன்வென்ஷன். மணலில் பந்தல் போட்டிருந்தார்கள். கடைசி இரவில் ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்திருங்கள் என்று பிரசங்கியார் அழைத்தபோது எழுந்தேன். அழுதேன். அந்தக் கண்ணீர் பொய்யில்லை, இன்றைக்கும் அந்த இரவுக்காக நான் தேவனுக்கு நன்றி சொல்லுகிறேன். ஆனால் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கொடு என்று அக்காள் கூப்பிட்டாள். வேதம் வாசித்துக்கொண்டிருக்கிறேன், தெரியவில்லையா என்று அவளை ஏசினேன். அவளே போய் இறைத்தாள். அன்றைக்கு எனக்குக் குற்றமாகவே படவில்லை. ஒப்புக்கொடுத்தவன் கையில் வேதப்புஸ்தகம் இருந்தது, அதனால் தான் சரி என்று நினைத்துக்கொண்டான். கலயத்தைக் கட்டிவிட்டான், சுண்ணாம்பு தடவ மறந்துவிட்டான்.

தானியேலைப் பாருங்கள். சிங்கக் கெபி என்றதும் நாம் ஓய்வுநாள் பள்ளிப் படத்தில் பார்த்த வாலிப முகம்தான் நினைவுக்கு வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நேபுகாத்நேச்சார் எருசலேமை முதலில் முற்றுகையிட்டது கி.மு. 605. பாபிலோன் விழுந்தது கி.மு. 539. நடுவில் 66 வருஷம். சிறுவனாகச் சிறைப்பட்டுப் போனவர் கெபியில் போடப்படும்போது ஏறத்தாழ எண்பது வயதுக் கிழவர். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் பண்ணக் கூடாது என்று கட்டளை பிறந்தது அவருக்குத் தெரியும். தெரிந்தும் வீட்டுக்குப் போனார், எருசலேமை நோக்கித் திறந்திருக்கிற ஜன்னலண்டை முழங்காற்படியிட்டார், தினமும் மூன்று வேளை எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தார். அன்றைக்கென்று அவர் புதிதாக எந்தத் தீர்மானமும் எடுத்ததாக வேதம் சொல்லவில்லை. வழக்கத்தை மாற்றவில்லை என்று மட்டும் சொல்லுகிறது.

அந்த வழக்கம் எங்கே தொடங்கியது? சாப்பாட்டில். ராஜாவின் போஜனம் வேண்டாம், பருப்பு, மரக்கறி, தண்ணீர் போதும் என்று பையனாக இருந்தபோது கேட்டாரே, அங்கே. சாப்பாட்டுக் காரியம்தானே என்று யாரும் சொல்லியிருக்கலாம். கூடச் சிறைப்பட்டு வந்த எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவர்கள் பெயர் ஒன்றும் நமக்கு வந்து சேரவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை லோத்துவினுடையது. இந்தக் கதையை நான் பயத்தோடேதான் வாசிக்கிறேன். காரணம், லோத்து கெட்டவன் இல்லை. பேதுருவின் இரண்டாம் நிருபம் அவனை நீதிமான் என்றே சொல்லுகிறது. ஆதியாகமம் 13இல் அவன் கண்களை ஏறெடுத்து நீர்வளமுள்ள சமபூமியைப் பார்க்கிறான். மேய்ச்சல் நல்ல மேய்ச்சல். ஆடுமாடு வைத்திருக்கிற எவனும் அதைத்தான் தேர்ந்தெடுப்பான். முதலில் சோதோமுக்கு நேரே கூடாரம் போடுகிறான். ஊருக்குள் போகவில்லை. அடுத்த அதிகாரத்தில் பார்த்தால் சோதோமிலே குடியிருக்கிறான். நடுவில் ஒரு யுத்தம் வந்து, அவனைச் சிறைபிடித்துக்கொண்டு போகிறார்கள். ஆபிரகாம் தன் வீட்டில் பிறந்த 318 பேரைக் கூட்டிக்கொண்டு போய் மீட்டு வருகிறான். இதைவிடப் பெரிய எச்சரிப்பு ஒரு மனிதனுக்கு வேண்டுமா? ஆனால் 19ஆம் அதிகாரத்தில் தூதர்கள் வரும்போது லோத்து எங்கே உட்கார்ந்திருக்கிறான்? சோதோமின் வாசலில். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து வழக்குப் பேசுகிற இடம் அது.

சோதோமுக்குப் போகலாம் என்று லோத்து ஒரு நாளும் முடிவெடுக்கவில்லை. மேய்ச்சலுக்கு ஒரு முடிவு, தண்ணீருக்கு ஒரு முடிவு, பிள்ளைகள் வளர்ந்ததும் வசதிக்கு ஒரு முடிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்திருக்கும். கடைசியில் மருமக்களிடம் ஊர் அழியப்போகிறது என்று அவன் சொன்னபோது அவன் விளையாடுகிறான் என்று நினைத்தார்கள். அத்தனை வருஷம் அவர்களோடு இருந்தும், அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அவர்கள் கேட்டு வளரவில்லை. பெற்றவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். கடன்காரர் வாசலில் வந்து நிற்கும்போது, அப்பா இல்லை என்று சொல் என்று பிள்ளையை அனுப்புகிறோம். பிறகு ஒரு நாள் அதே பிள்ளையிடம் நியாயத்தீர்ப்பைப் பற்றிச் சொல்லுகிறோம். பிள்ளை எதை நம்பும்?

இப்போது ஓட்டக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எரிக் லிடல். 1902இல் சீனாவின் தியன்ஜின் நகரத்தில் ஸ்காட்லாந்து மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட வேண்டியவர், அதுதான் அவருக்குக் கைவந்த ஓட்டம். அந்த ஓட்டத்தின் முதல் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளில் ஓடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜூலை 11இல் 400 மீட்டர் ஓடி 47.6 விநாடியில் தங்கப்பதக்கம் வாங்கினார். இது பலர் பிரசங்கத்தில் கேட்ட கதை. 1981இல் வந்த சினிமாவையும் சிலர் பார்த்திருக்கலாம். சினிமாவில் அவர் கப்பல் ஏறுகிற நேரத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை என்கிற விஷயம் தெரியவருகிறது. உண்மையில் ஓட்ட அட்டவணை பல மாதத்துக்கு முன்பே அவருக்குத் தெரியும். அந்த மாதங்களில் அவர் 400 மீட்டருக்குத் தன் உடம்பைப் பழக்கினார். சினிமாவுக்குக் கப்பல் காட்சி தேவைப்படுகிறது. எனக்கு அந்த மாதங்கள்தான் தேவைப்படுகின்றன. ஓடமாட்டேன் என்று சொன்னது ஒரு நிமிஷம். பழக்கமில்லாத தூரத்தை யாரும் கைதட்டாத மைதானத்தில் நாள்தோறும் ஓடிப் பார்த்தது பல மாதம்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இன்று அவரைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன். மறு வருஷமே சீனாவுக்கு ஊழியராகப் போனார். தியன்ஜினில் பள்ளிக்கூட வாத்தியார், பிறகு கிராம ஊழியம். யுத்தம் நெருங்கினபோது கர்ப்பிணி மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகளின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. 1943இல் ஜப்பானியர் அவரை வேய்சியன் முகாமில் அடைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்நியர் அடைக்கப்பட்ட இடம். பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். ஒலிம்பிக் வீரர் அங்கே தண்ணீர் சுமந்தார், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், வயதானவர்களுக்குச் சுமை தூக்கிக் கொடுத்தார். விடியுமுன் எழுந்து சிறு விளக்கு வெளிச்சத்தில் வேதம் வாசித்து ஜெபித்துவிட்டுத்தான் அன்றைய வேலையைத் தொடங்குவார்.

அந்த முகாமில் ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே விளையாடி, நடுவர் இல்லாததால் அது அடிதடியில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்காக ஒலிம்பிக் ஓட்டத்தையே விட்டவரிடம் நடுவராக வருவீர்களா என்று கேட்க யாருக்கு மனம் வரும்? ஆனால் அவர் யோசித்தார். அடுத்த ஞாயிறு விளையாட்டுக்கு நடுவராக வந்து நின்றார். ஒலிம்பிக் ஓட்டத்துக்குக் கொடுக்காததை, அநாதைகள் போலிருந்த பிள்ளைகளுக்காகக் கொடுத்தார். இதைப் பின்வாங்குதல் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். இது வளர்ச்சி. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டானது என்று சொன்னவரோடு இருபது வருஷம் நாள்தோறும் நடந்தவர் எடுத்த முடிவு அது. இருபத்திரண்டு வயதில் கற்பனையைக் கைக்கொண்டார். நாற்பதைத் தாண்டியபோது கற்பனையைக் கொடுத்தவருடைய மனசு அவருக்குப் புரிந்திருந்தது.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அவர் பனையேறினார். ஏறாவிட்டால் பாளை காய்ந்துவிடும். இருட்டோடே ஏறி இறங்கி, குளித்து, முதல் மணி அடிக்கும்போது கோவிலில் இருப்பார். இதைக் குற்றமாகப் பேசினவர்கள் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பதநீரை அவர் விற்கமாட்டார். ஊரில் ஆண்துணை இல்லாத நாலைந்து வீடுகளுக்கு அம்மா அதைச் சருவச்சட்டியில் கொண்டு போய் ஊற்றிவிட்டு வருவாள். எந்தப் பிரசங்கத்தைக் கேட்டு அந்த ஏற்பாட்டுக்கு அவர் வந்தார் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி அவர் பேசினதே இல்லை.

லிடல் 1945 பிப்ரவரி 21ஆம் தேதி மூளைக்கட்டியால் அந்த முகாமிலேயே இறந்தார். வயது 43. விடுதலைக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. இறப்பதற்குச் சில வாரத்துக்கு முன்னால் தன்னுடைய ஓட்டச் சப்பாத்துகளை, காலில் போட ஒன்றுமில்லாமல் குளிரில் நின்ற ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டார். காவல் நிற்கிற ஜப்பானியருக்காக ஜெபிக்க வேண்டும் என்று முகாமிலிருந்த பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். சப்பாத்தை வாங்கின பையன் வளர்ந்து ஜப்பானுக்கே மிஷனரியாகப் போனார். பல பத்தாண்டுகள் அங்கே ஊழியம் செய்தார்.

தூரத்துக் கதையாகத் தோன்றினால் நம் பக்கத்திலேயே இருக்கிறது டோனாவூர். ஏமி கார்மைக்கேல் அம்மையார் இந்தியாவுக்கு வந்தது 1895இல். நம்முடைய சீமையில் தமிழ்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தார். 1901இல் கோவிலுக்குப் பொட்டுக்கட்ட வைத்திருந்த ஒரு சிறுமி தப்பி ஓடிவந்து அவரிடம் அடைக்கலமானாள். அப்புறம் இன்னொரு குழந்தை, இன்னொரு குழந்தை. கைக்குழந்தைகள். பாலூட்ட வேண்டும், துணி அலச வேண்டும், இரவில் விழிக்க வேண்டும். பிரசங்கம் செய்ய வந்தவர் ஆயா வேலை பார்க்கிறாரே என்று சக மிஷனரிகளே பேசினார்கள். அவருக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. கர்த்தர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷருடைய காலைக் கழுவினதை அவர் நினைத்துப் பார்த்தார். ஊர் ஊராகப் போவதை விட்டுவிட்டுக் குழந்தைகளோடு தங்கினார். 1931இல் விழுந்து அடிபட்டபின் ஏறத்தாழ இருபது வருஷம் அறையிலேயே கிடந்தார். 1951 ஜனவரியில் மரித்தார். அந்த அறையிலிருந்தும் எழுதிக்கொண்டே இருந்தார். தாய்மாரே, ஜெபக்கூட்டத்துக்குப் போக முடியவில்லையே, பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியார் படுக்கையில், என் ஆத்துமா வாடுகிறதே என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போடுகிற கையைக் கர்த்தர் பார்க்கிறார். மாமியாரின் படுக்கையை மாற்றுகிறபோது முணுமுணுக்காமல் இருக்க நீங்கள் படுகிற பாட்டையும் அவர் பார்க்கிறார். அங்கேயும் வளரலாம். கூட்டத்துக்கு வருகிற பலர் வளராத அளவுக்கு அங்கே வளரலாம்.

அடுப்படியிலும் வளரலாம் என்பது நம்முடைய பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது. உலை கொதித்ததும் அரிசி களைந்து போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். கைப்பிடி அரிசி. ஞாயிறன்று அது கோவிலுக்கு வரும். 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தபோது, இந்தியர் பணத்தில், இந்திய ஊழியரைக் கொண்டு, இந்தியர் நிர்வாகத்தில் நடப்பது என்று வைத்துக்கொண்டார்கள். அதை உண்டாக்கினவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, பிற்பாடு 1912இல் தோர்ணக்கல்லுக்குப் பேராயர் ஆனவர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். நிஜாம் சீமையில் தெலுங்கு பேசுகிற ஏழைகளுக்குச் சுவிசேஷம் சொல்ல இங்கிருந்து ஊழியர் போனார்கள். நெல்லைச் சபையார் அப்போது பணக்காரராக இருந்து கொடுக்கவில்லை. தினமும் இரண்டு தடவை அடுப்படியில், தன் பிள்ளைகளுக்கே பற்றாத அரிசியில் ஒரு பிடியை எடுக்கிற பெண்கள் இருந்தார்கள். ஒரு பிடி குறைந்தால் சோறு குறையும் என்று தெரிந்துதான் எடுத்தார்கள். இப்போது மாதக் கடைசியில் கூகுள் பே-யில் தசமபாகம் அனுப்புகிறோம். அனுப்புவது நல்லது. ஆனால் அடுப்படியில் நின்று, பானையைப் பார்த்து, பிள்ளைகளைப் பார்த்து, பிறகும் எடுத்துப் போடுகிற அந்த ஒரு நிமிஷம் நம்மிடமிருந்து போய்விட்டது. அந்த நிமிஷத்தில்தான் பாட்டி வளர்ந்தாள் என்று நான் நம்புகிறேன்.

இனி என்னைப் பற்றிச் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இறங்கினால் மேலே சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். அப்பா இறந்தபின் ஒரு தட்டு நிலத்துக்காக எனக்கும் என் தம்பிக்கும் பேச்சு நின்றது. பதினொரு வருஷம். இருவரும் ஒரே சபை. நான் தெற்கு வாசல் வழியாக வருவேன், அவன் வடக்கு வாசல். நான் ஓய்வுநாள் பள்ளி நடத்தினேன், அவன் கமிட்டியில் இருந்தான். மாதாமாதம் இருவரும் ராப்போஜனம் எடுத்தோம். பதினொரு வருஷம் பேசக் கூடாது என்று நான் தீர்மானம் எடுத்ததே இல்லை. ஞாயிறு தோறும் தெற்கு வாசலைத் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான். அந்த வருஷங்களில் என் ஜெபம் நீளமாக இருந்தது. பிரசங்கத்துக்குக் கூப்பிட்டார்கள், போனேன். ஆனால் வேதம் வாசித்தால் உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. பாளை காய்ந்துபோயிருந்தது. மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிற இடம் வந்தால் அடுத்த பகுதிக்குத் தாண்டிவிடுவேன்.

எப்படி முடிந்தது என்றால், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிறு மழை. தெற்கு வாசலில் தண்ணீர் கட்டிக் கிடந்தது. வடக்கு வாசலுக்குப் போக வேண்டியதாயிற்று. அவன் குடையை மடக்கிக்கொண்டு நின்றான். நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போயிருக்கலாம், ஐந்நூறு ஞாயிறு அதைத்தான் பழகியிருந்தேன். சுகர் எப்படி இருக்கு தம்பி என்று கேட்டேன். அவன் பதில் சொல்ல நேரமெடுத்தான். பரவாயில்லைண்ணே என்றான். நிலம் இன்னும் பிரிக்கப்படவில்லை. அவன் மனதில் இன்னும் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆனால் அன்று இரவு ஜெபிக்க உட்கார்ந்தபோது, பல வருஷத்துக்குப் பின் ஜெபம் ஜெபமாக வந்தது.

நம்முடைய சபைகளில் இன்னொரு வாசலும் இருக்கிறது, அதைப் பற்றி மேடையில் பேசுவதில்லை. மணமகள் தேவை என்று பத்திரிகையில் கொடுக்கிற விளம்பரத்தில், மறுபடி பிறந்த, ஜெபிக்கிற பெண் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் சாதியையும் எழுதுகிறோம். ஒரே அப்பத்தில் பங்கு கொள்ளுகிறோம், ஆனால் ஒரே கல்லறைத் தோட்டத்தில் வைக்கத் தயங்குகிற ஊர்கள் இன்னும் உண்டு. சாதியை விடுகிறேன் என்று மேடையில் சத்தியம் செய்வது எளிது. பக்கத்துத் தெரு அசனத்தில் போய்ப் பந்தியில் உட்காருவதும், வேலைக்கு வருகிற பாட்டிக்கு நாம் குடிக்கிற தம்ளரிலேயே காப்பி கொடுப்பதும், மகள் விரும்பி வந்து சொல்லும்போது குலத்தைக் கேட்காமல் குணத்தைக் கேட்பதும்தான் கஷ்டம். இவ்விஷயத்தில் நாம் தோற்றுக்கொண்டே இருக்கிறோம் என்பது என் எண்ணம். இத்தனை தலைமுறை கண்ட சபைக்கு இது பெரிய அவமானம்.

இப்படியெல்லாம் சொன்னதும் ஒரு தம்பி மனதில் நினைக்கலாம்: அப்படியானால் நல்ல காரியங்களைச் சேர்த்துச் சேர்த்து நான் பரிசுத்தவானாகிவிட வேண்டுமா, கிருபை எங்கே போயிற்று? சரியான கேள்வி. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதினது நினைவிருக்கும்: நட்டது ஒருவன், நீர்ப்பாய்ச்சினது ஒருவன், விளையச்செய்தவர் தேவன். அப்பா ஒரு சொட்டுச் சாற்றையும் உண்டாக்கவில்லை என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? மரம் கொடுத்தது. வேர் எங்கேயோ ஆழத்தில், தேரிக்காட்டுச் செம்மணலுக்கு அடியில், மழையில்லாத வருஷத்திலும் தண்ணீரைத் தேடி எடுத்துக் கொடுத்தது. அப்பாவுக்கு அந்த வேரின்மேல் எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் மரம் கொடுக்கிறதே என்று அவர் வீட்டில் படுத்துக்கொள்ளவும் இல்லை. கிருபையை நம்பினவர்தான் விடியுமுன் எழுந்து ஏறினார். கை தவறி ஒரு நாள் சுண்ணாம்பு தடவாத கலயம் புளித்துப் போயிருக்கிறது. அதைக் கீழே ஊற்றிவிட்டு, கலயத்தைக் கழுவி, மாலையில் மறுபடி தடவிக் கட்டுவார். மரத்தை வெட்டினதில்லை.

நாம் விழுந்த நாட்களைப் பற்றியும் இப்படித்தான் நான் நினைக்கிறேன். இன்று காலை வீட்டில் ஏசினீர்களா, கடையில் எடை குறைத்தீர்களா, பார்க்கக் கூடாததைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு இரவைக் கழித்தீர்களா? கழுவுகிற ஊற்று திறந்திருக்கிறது. மாலைக்கு ஒரு ஏற்றம் பாக்கி இருக்கிறது. வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களுக்கு அது புழுத்துப் போயிற்று. நேற்றைய பக்தி இன்றைக்குச் சாப்பாடாகாது. அது போலவே நேற்றைய தோல்வியும் இன்றைய மன்னாவை நிறுத்தினதில்லை. விடிந்தால் பாளயத்தைச் சுற்றிலும் அது விழுந்து கிடந்தது.

நேரமாகிறது. கடைசிப் பேருந்து ஒன்பது மணிக்கு. போவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றிரவு யாரும் எழுந்து நின்று ஒப்புக்கொடுக்க வேண்டாம். இந்தக் கோவிலுக்கு இரண்டு வாசல் இருக்கிறது. நீங்கள் எந்த வாசல் வழியாக வந்தீர்கள், ஏன் அந்த வாசல் என்று உங்களுக்குத் தெரியும். போகும்போது மற்ற வாசல் வழியாகப் போங்கள். அங்கே நிற்கிறவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.